துயரக் காலத்தின் பதினேழாம் நாள்

நம் பங்குகளுள் ஒன்றில் ஓராண்டு முழுவதும் குருவானவர் இல்லாமற்போனால் அங்குள்ள விசுவாசம் என்னவாகும்? ஞாயிறு திருப்பலி இல்லை. ஒப்புரவு அருட்சாதனம் இல்லை. மறைக்கல்வி வகுப்பு இல்லை. திருவிழாக் கொடியேற்றமும் இல்லை. ஓராண்டு எப்படியோ கழிந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகள் ஆனால்? ஒரு தலைமுறை ஆனால்? ஏழு தலைமுறைகள் ஆனால்?

இது வீண் கற்பனையன்று. ஜப்பான் நாட்டின் நாகசாகிப் பகுதியில் வாழ்ந்த ஏழை உழவரிடமும் மீனவரிடமும் வரலாறு இக்கேள்வியை உண்மையாகவே கேட்டது. அவர்கள் விடை கூற இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. கடவுளை நம்புதல் என்றால் என்ன, அந்நம்பிக்கை அன்றாட வாழ்வில் எவ்வாறு வளர்கிறது என்பதற்கு அவ்விடையைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. அதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

விதை விழுந்த நிலம்

தமிழகக் கத்தோலிக்கருக்குத் தூய பிரான்சிஸ் சவேரியாரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழில் பெயர்க்கச் செய்து மக்களுக்கு மனப்பாடமாகக் கற்பித்தார். ஊர் ஊராக நடந்தவரால் எவ்வூரிலும் நெடுநாள் தங்க இயலவில்லை. ஆகவே, ஊர்களில் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். மக்களைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுப்பதும், உயிருக்கு இடர் நேர்ந்த குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதும் அவர்களுடைய கடமைகள். குரு இல்லாத நாளிலும் அவ்வூரில் திருச்சபை இருக்கவேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

அதே சவேரியார் 1549 ஆகஸ்டு 15-ஆம் நாள், அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். அவர் அந்நாட்டில் இருந்தது இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலம்தான். எனினும் அவர் தூவிய விதை முளைத்தது. பின்வந்த குருக்கள் சிலராகவும் விசுவாசிகள் பலராகவும் இருந்தமையால், அங்கும் பொதுநிலையினரின் பக்திச் சபைகள் தோன்றின. நோயாளிகளைச் சந்திப்பதும், இறந்தோரை அடக்கம் செய்வதும், சிறுவர்க்குச் செபம் கற்பிப்பதும் அச்சபைகளின் பணிகள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் ஏறத்தாழ 3 இலட்சம் கிறிஸ்தவர்கள் இருந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். அந்த எளிய சபைகளே பின்னாளில் வெள்ளத்தைக் கடக்கும் தெப்பமாகும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

குருக்கள் அற்ற நாடு

வெள்ளம் விரைவிலேயே வந்தது. 1587-இல் மறைப்பணியாளர்களை வெளியேற்றும் ஆணை பிறந்தது. 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் நாகசாகிக் குன்றின்மேல் 26 பேர் சிலுவைகளில் அறையுண்டு மறைசாட்சிகளாயினர். நம் நாட்டு வசையில் பிறந்த தூய கொன்சாலோ கார்சியா அவர்களுள் ஒருவர். 1614-இல் டொகுகாவா ஆட்சியாளர்கள் கிறிஸ்தவ மறையை நாடு முழுவதும் தடை செய்தனர். கோவில்கள் இடிக்கப்பட்டன, குருக்கள் நாடு கடத்தப்பட்டனர், மறைந்திருந்தோர் ஒவ்வொருவராகப் பிடிபட்டனர். 1637-38-இல் ஷிமபாராவில் எழுந்த கிளர்ச்சி குருதியில் முடிந்தபின் அடக்குமுறை இன்னும் கடுமையாயிற்று. மறைந்து பணியாற்றிய கடைசிக் குருவான மான்சியோ கோனிஷி 1644-இல் மறைசாட்சியாக உயிர் நீத்தார். அதன்பின் விசுவாசிகளோடு வாழ்ந்து, அவர்களுக்குத் திருப்பலி நிறைவேற்ற அந்நாட்டில் ஒரு குருவும் இல்லை.

அரசு அத்துடன் நிற்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோவிலில் தன் பெயரைப் பதிவு செய்யவேண்டும். ஐந்தைந்து வீடுகளை ஒரு குழுவாக்கி, ஒரு வீட்டின் குற்றத்திற்கு ஐந்து வீட்டாரையும் பொறுப்பாக்கினர். கிறிஸ்தவரைக் காட்டிக்கொடுப்போருக்கு வெள்ளிப் பணம் பரிசென்று தெருமுனைகளில் அறிவிப்புப் பலகைகள் நின்றன. இவற்றினும் கொடியது இன்னொன்று. நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் மக்களை வரிசையாக நிறுத்தி, ஆண்டவருடைய அல்லது அன்னையுடைய உருவம் பொறித்த தகட்டைக் காலால் மிதிக்கச் செய்தனர். மறுப்பவர் கிறிஸ்தவர் என்பது அதனால் வெளிப்பட்டுவிடும். இவ்வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீடித்தது.

நீரும் நாட்காட்டியும்

இத்தகைய நிலையில் விசுவாசம் எங்கே வாழ்ந்தது? வீட்டுக்குள் வாழ்ந்தது.

நாகசாகியை அடுத்த ஊராகாமி சிற்றூரில் பொதுநிலையினர் தமக்குள் பணிகளைப் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் நாட்காட்டியைக் காப்பவர். பழைய திருவழிபாட்டு நாட்காட்டியைத் தம் நாட்டுச் சந்திர மாதங்களோடு பொருத்தி, கிறிஸ்து பிறப்பு எந்நாள், நோன்பு எந்நாள், ஓய்வு எந்நாள் என்று கணித்துச் சொல்வது அவருடைய கடமை. மற்றொருவர் திருமுழுக்கு அளிப்பவர். நீரால் தம் பணியைச் செய்தமையால் அவரை 'நீர்க்காரர்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். இன்னும் சிலர் செய்தி கொண்டுசெல்பவர்கள். நாட்காட்டிக்காரர் கணித்ததை வீடுவீடாகச் சென்று காதோடு காதாகச் சொல்வது அவர்கள் வேலை. பகலில் இவர்களெல்லாரும் வயலிலும் கடலிலும் பாடுபட்டவர்களே.

எழுத்தில் இருப்பது ஆபத்தாகையால் செபங்களைப் பெரும்பாலும் நெஞ்சில் எழுதினர். தந்தை மகனுக்குச் சொன்னார்; பாட்டி பேத்திக்குச் சொன்னாள். இலத்தீன், போர்த்துகீசியச் சொற்கள் நாவுக்கு நா மாறித் தேய்ந்தன. ஆயினும் சொல்வது நிற்கவில்லை. பௌத்தர் வணங்கும் கன்னோன் என்னும் இரக்க வடிவின் வெண்பீங்கான் சிலையை வீட்டில் வைத்து, அதன்முன் தேவமாதாவை எண்ணிச் செபித்தோரும் உண்டு.

படத்தை மிதித்தவர்களின் நிலை என்ன? மிதிக்க மறுத்து உயிர் கொடுத்தோர் ஆயிரக்கணக்கானோர். அவர்களைத் திருச்சபை போற்றுகிறது. மிதித்துவிட்டு வீடு திரும்பியோரும் இருந்தனர். அவர்கள் என்ன செய்தனர் என்பதும் நமக்குத் தெரியும். உத்தம மனஸ்தாபத்தைப் பற்றி 1603-இல் எழுதப்பட்ட ஒரு சிறு நூலைக் கையால் படியெடுத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தனர். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத இடத்தில், கடவுள்மீதுள்ள அன்பினால் எழும் உண்மையான மனவருத்தமும், வாய்ப்புக் கிடைக்கும்போது பாவத்தை அறிக்கையிடும் உறுதியும் இருந்தால் இறைவன் மன்னிக்கிறார் என்னும் திருச்சபையின் போதனையே அந்நூலின் சாரம். படத்தை மிதித்த கால்கள் வீட்டிற்கு வந்து மண்டியிட்டன; நாவு மனஸ்தாப மன்றாட்டைச் சொன்னது. பேதுரு மறுதலித்ததையும், சேவல் கூவியபின் மனங்கசந்து அழுததையும் அறிந்த நாம் அவர்கள்மீது கல்லெறியத் துணிவோமா? தம் வீழ்ச்சியைவிட இறைவனின் இரக்கம் பெரியது என்று நம்பியதால் அவர்கள் மறுபடியும் எழுந்தார்கள். கடவுளை நம்புதல் என்பதில் இதுவும் அடங்கும். நம் வலிமையை நம்புவது எளிது. நம் பலவீனம் வெளிப்பட்ட நாளில் அவருடைய இரக்கத்தை நம்புவதே கடினம்.

அவர்களிடையே ஒரு வாக்கும் வழங்கிவந்தது. 17-ஆம் நூற்றாண்டில் மறைசாட்சியாக இறந்த பஸ்தியான் என்னும் உபதேசியார், ஏழு தலைமுறைகளுக்குப்பின் பெரிய கப்பலில் குருக்கள் வருவர் என்றும், அன்று மக்கள் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், தெருவில் வாய்விட்டுப் பாடலாம் என்றும் சொல்லிச் சென்றதாக மரபு. அதை நம்பி நாட்காட்டியை எண்ணிக்கொண்டிருந்தனர்.

ஓவுராக் கோவிலில் ஒரு நண்பகல்

1858-இல் செய்யப்பட்ட உடன்படிக்கைகளின் பயனாக, ஜப்பானில் குடியிருந்த அயல்நாட்டவர் தமக்கென வழிபாட்டிடம் கட்டிக்கொள்ள இசைவு கிடைத்தது. உள்நாட்டவருக்கோ தடை அப்படியே நீடித்தது. புதுச்சேரிக்கும் மறைப்பணியாளர்களை அனுப்பிய பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபையின் குருக்கள் நாகசாகியின் ஓவுராக் குன்றில் 26 மறைசாட்சிகளின் பெயரால் ஒரு கோவில் எழுப்பினர். 1865 பிப்ரவரியில் அது மந்திரிக்கப்பட்டது. புதுமையான கட்டடத்தைக் காண ஊரார் வந்து போயினர்.

1865 மார்ச் 17, வெள்ளிக்கிழமை. நண்பகல் வேளையில் ஏறத்தாழப் பதினைந்து பேர் கோவில் வாயிலில் நின்றனர். அவர்கள் நின்ற விதம் வேடிக்கை பார்ப்போரின் விதமாக இல்லை. பெர்னார் பெத்திஜான் அடிகளார் கதவைத் திறந்துவிட்டு, பீடத்தின்முன் சென்று முழந்தாளிட்டுச் செபிக்கலானார். சற்று நேரத்தில் நடுவயதுப் பெண்ணொருத்தி அருகில் வந்து, நெஞ்சில் கை வைத்து, இங்கு வந்துள்ள தங்கள் எல்லாருடைய உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என்று மெல்லிய குரலில் கூறினாள். அடுத்து, தேவமாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்டாள்.

அடிகளார் அவர்களைச் சுரூபத்தண்டை அழைத்துச் சென்றார். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அன்னையைக் கண்டு அவர்கள் மகிழ்ந்தனர். ஆண்டவரின் பிறப்பு விழாவைத் தாங்களும் கொண்டாடுவதாகச் சொன்னார்கள். இப்போது தாங்கள் துயரக் காலத்தில் இருப்பதாகவும் சொன்னார்கள். துயரக் காலம் என்று அவர்கள் குறித்தது தவக்காலத்தையே என்பது அடிகளாருக்கு விளங்கியது. அவ்வாண்டு சாம்பல் புதன் மார்ச் முதல் நாளில் வந்தது. அன்று தவக்காலத்தின் 17-ஆம் நாள்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ணவேண்டும். உரோமையிலிருந்து நாட்காட்டி வரவில்லை. ஆயரின் சுற்றுமடல் வரவில்லை. ஆலய மணி ஒலிக்கவில்லை. ஆயினும் உலகெங்கும் திருச்சபை தவக்காலம் அனுசரித்த அதே நாளில், கல்வியறிவு குன்றிய அந்தச் சிற்றூர் மக்களும் தவக்காலம் அனுசரித்துக்கொண்டிருந்தனர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, நாட்காட்டிக்காரர் ஒருவர் இறந்தால் மற்றொருவர் பொறுப்பேற்று, நாள் தவறாமல் எண்ணிவந்ததன் பலன் அது.

பின்வந்த நாட்களில் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் கோத்தோ தீவுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் தம்மை வெளிப்படுத்திக்கொண்டனர். ஜப்பான் திருச்சபை இன்றும் மார்ச் 17-ஆம் நாளை அன்னையின் பெயரால் நன்றியோடு நினைவுகூர்கிறது.

நம்பியோருக்கு நேர்ந்தது

கதை இங்கே முடிந்திருந்தால் நம் உள்ளம் நிறைந்திருக்கும். ஏழாம் தலைமுறை வந்தது, குருவும் வந்தார். ஆனால் கூடவே சிலுவையும் வந்தது.

இனி மறைத்து வாழ்வதில்லை என்று துணிந்த ஊராகாமி மக்கள், தம் இறந்தோருக்குப் பௌத்த முறையில் ஈமச்சடங்கு செய்ய மறுத்தனர். 1867-இல் கைதுகள் தொடங்கின. அடுத்து வந்த மெய்ஜி அரசு ஊராகாமியின் விசுவாசிகள் 3,394 பேரைக் குடும்பம் குடும்பமாக நாட்டின் பல பகுதிகளுக்கு நாடு கடத்தியது. அவர்களுள் 600-க்கு மேற்பட்டோர் பசியாலும் நோயாலும் வதையாலும் மாண்டனர். சுவானோ என்னும் ஊரில் உறைபனிக் குளத்தில் ஆழ்த்தி மறுதலிக்கச் சொல்லி வதைத்தனர். இவ்வளவையும் அனுபவித்த மக்கள் அந்த ஆண்டுகளுக்கு இட்ட பெயர் 'பயணம்' என்பதே. அச்சொல்லில் முறையீடு இல்லை. வீடு திரும்புவோம் என்ற நம்பிக்கை இருக்கிறது.

1873-இல் தடைப் பலகைகள் அகற்றப்பட்டன. மக்கள் ஊர் திரும்பினர். திரும்பியவர்கள் ஏழ்மையில் உழன்றபோதும் ஒரு காரியம் செய்தனர். எந்த ஊர்த்தலைவரின் வீட்டில் ஆண்டுதோறும் தம் முன்னோர் திருவுருவத்தை மிதிக்கும்படி வற்புறுத்தப்பட்டனரோ, அந்த இடத்தையே விலைக்கு வாங்கினர். அங்கே செங்கல் செங்கலாக ஒரு கோவிலை எழுப்பினர். 1895-இல் தொடங்கிய பணி 1914-இல் முடிந்து கோவில் மந்திரிக்கப்பட்டது. கோபுரங்கள் 1925-இல் எழுந்தன.

அந்தக் கோவிலும் நிலைக்கவில்லை. 1945 ஆகஸ்டு 9-ஆம் நாள் முற்பகல் 11.02 மணிக்கு அணுகுண்டு வெடித்தபோது, அது வெடித்த இடத்திற்கும் கோவிலுக்கும் இடையே இருந்த தொலைவு ஏறத்தாழ 500 மீட்டர்தான். விண்ணேற்புப் பெருவிழாவுக்கு ஆயத்தமாக உள்ளே பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. குருக்களும் மக்களும் ஒருசேர மாண்டனர். ஊராகாமியின் ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கருள் 8,500 பேர்வரை உயிரிழந்தனர் என்பர்.

மருத்துவர் தக்காஷி நகாய் என்பாரை நம்மில் சிலர் அறிந்திருக்கலாம். மாணவராக இருந்தபோது அவர் குடியிருந்தது, ஊராகாமியில் நாட்காட்டி காத்துவந்த மொரியாமா குடும்பத்தாரின் வீட்டில். 1934-இல் திருமுழுக்குப் பெற்று அவ்வீட்டு மகள் மிதோரியை மணந்தார். குண்டு வெடித்தபின் தம் வீடிருந்த இடத்தில் மனைவியின் எரிந்த எலும்புகளையும், அருகே உருகிக் கிடந்த ஜெபமாலையையும் கண்டெடுத்தார். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பின் முந்தின இரவில், இடிபாடுகளிலிருந்து தோண்டி எடுத்த கோவில் மணியை எஞ்சியிருந்தவர்கள் கட்டித் தொங்கவிட்டு ஒலித்தனர்.

கடவுளை நம்பினால் துன்பம் அணுகாது என்று எண்ணுவோருக்கு ஊராகாமி தரும் விடை இது. ஏன் இப்படி நேர்ந்தது என்று விளக்க நாம் முற்படவில்லை. மறைநூல் அறிஞர் எவரும் அதற்கு நிறைவான விடை கண்டாரில்லை. யோபுவின் கேள்விக்கும் விளக்கம் கிடைக்கவில்லை, கடவுளே கிடைத்தார். ஊராகாமி மக்கள் இறைவனைப் பலனுக்காக நம்பியிருந்தால் 1867-லேயே அவரைக் கைவிட்டிருப்பர்.

நடுவில் பிறந்தவர்கள்

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தை ஈர்ப்பவர்கள் யார்? சிலுவையில் இறந்த மறைசாட்சிகள் ஈர்க்கிறார்கள். ஓவுராக் கோவிலில் நெஞ்சில் கை வைத்து நின்ற பெண் ஈர்க்கிறாள். ஆனால் இவ்விரு சாராருக்கும் இடையே மூன்றாம், நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் வாழ்ந்து மறைந்தார்களே, அவர்களைப்பற்றி நாம் எண்ணுவதில்லை.

முதல் தலைமுறைக்குக் குருவின் குரல் நினைவிலிருந்தது. கடைசித் தலைமுறை குருவைக் கண்ணால் கண்டது. நடுவில் பிறந்தவர்களுக்கு இரண்டும் இல்லை. அவர்கள் ஒரு திருப்பலியும் கண்டதில்லை, நற்கருணை உட்கொண்டதில்லை. தம் வாழ்நாளில் காணப்போவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஏனெனில் வாக்கு ஏழாம் தலைமுறைக்குரியது. இருந்தும் குழந்தை பிறந்தால் நீர் ஊற்றினார்கள்; துயரக் காலம் வந்தால் நோன்பிருந்தார்கள்; இரவில் கதவைச் சாத்திவிட்டுச் செபம் கற்பித்தார்கள். அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அவர்களில் ஒரேயொரு தலைமுறை சோர்ந்து விட்டிருந்தாலும், 1865 மார்ச் 17-ஆம் நாள் கோவில் வாயிலில் ஒருவரும் நின்றிருக்க மாட்டார்.

நம்பிக்கை என்பது இதுவே. தன் பங்குக்குரிய அன்றாடக் கடமையைச் செய்துவிட்டு, அறுவடையை ஆண்டவரிடம் விட்டுவிடுவது. விதைத்தவன் உறங்கும்போதும் விதை முளைத்து வளர்கிறது என்று நம் ஆண்டவர் கூறிய உவமையை அம்மக்கள் வாழ்ந்து காட்டினர்.

நம்மில் பெரும்பாலோரும் நடுவில் பிறந்தவர்களே. நம் முன்னோர் பட்ட பாடுகளை நாம் பார்க்கவில்லை. நம் பேரப்பிள்ளைகளின் விசுவாசம் எப்படியிருக்கும் என்பதையும் பார்க்கப்போவதில்லை. நம் கையில் இருப்பது இன்றைய நாள் மட்டுமே. இந்நாளில் நம் இல்லங்களில் நடப்பது என்ன? மாலைச் செபத்திற்குரிய நேரத்தைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் எடுத்துக்கொள்கின்றன. சிலுவை அடையாளம் வரைவதற்குக்கூட மறையாசிரியரே கற்பிக்கட்டும் என்று விட்டுவிடும் பெற்றோர் பெருகிவருகின்றனர். பிழைப்புக்காக அயல்நாடு சென்று, ஆலயமே அருகில் இல்லாத இடங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பலர். தாய் மடியில் கற்ற செபம் ஒன்றே அங்கு அவர்களுடன் செல்லும். அதை நாம் கொடுத்தனுப்பினோமா? குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் அழைத்தது. அச்சொல் ஏட்டில் ஏறுவதற்கு முன்பே ஊராகாமியின் வைக்கோற்கூரைகளின்கீழ் அது வாழ்வாக இருந்தது.

குருக்களாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. நாம் இல்லாமலும் ஆண்டவர் தம் மக்களைக் காத்தார் என்பது நம்மைத் தாழ்மையோடு இருக்கச் செய்யவேண்டும். அதே வேளையில் குரு வேண்டியதில்லை என்பது அதன் பொருளன்று. தடை நீங்கிய பின்னும் ஒரு பகுதியினர் திருச்சபையோடு சேராமல் முன்னோர் வழக்கத்தையே தனியாகத் தொடர்ந்தனர். அவர்களிடம் செபங்கள் பொருள் மங்கிய ஒலிகளாய் நின்றன. அம்மரபு இன்று மிகவும் சுருங்கிவிட்டது. இறைவார்த்தையும் நற்கருணையும் இல்லாத பக்தி காலப்போக்கில் வழக்கமாக மட்டுமே எஞ்சக்கூடும். வீட்டில் ஏற்றிய விளக்குக்குப் பீடத்திலிருந்து எண்ணெய் வேண்டும். பீடத்தின்முன் மக்கள் நிற்கவேண்டுமானால் வீட்டில் விளக்கு எரியவேண்டும். ஊராகாமி மக்கள் இதை அறிந்திருந்தனர். ஆகையால்தான் குருவைக் கண்ட அன்றே அவரிடம் ஓடிவந்தனர்.

இன்று இரவு நம் வீட்டுப் பிள்ளை உறங்கப்போகும் முன் அதன் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைவோம். ஒரு மங்கள வார்த்தையாவது சேர்ந்து சொல்வோம். செய்த தவற்றுக்கு மனஸ்தாபப்படக் கற்பிப்போம். இது மிகச் சிறிய காரியமாகத் தோன்றலாம். நாட்காட்டிக்காரர் ஒவ்வொரு நாளாக எண்ணியதும் அப்படித்தான் தோன்றியிருக்கும். பலனைக் காணாமலேயே நம்பிக்கையோடு உழைத்த அம்மக்களின் மனத்திடத்தை, அவர்களைக் கைவிடாத ஆண்டவர் நமக்கும் அருள்வாராக.